குளிர்த் தண்ணீரில் கயாக் மீன்பிடிப்பு: வேடர்ஸும் டிரை டாப்பும் பார்த்து வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வரும்போது டொராண்டோ கரையில் காற்று 20 டிகிரியைத் தொட்டிருக்கும், ஆட்கள் டி-ஷர்ட்டில் திரிவார்கள், படகுத் துறையில் கயாக்கை (துடுப்பாலோ பெடலாலோ ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) இறக்கக் கூட்டம் நிற்கும். ஒன்டாரியோ ஏரியின் தண்ணீர் மட்டும் அப்போதும் 10 டிகிரிக்குக் கீழேதான் கிடக்கும். அந்த ஏரிக்கு ஆழம் அதிகம், சூடேற மாதக்கணக்கில் ஆகும். நவம்பரில் வேறு கதை. காற்றும் தண்ணீரும் சேர்ந்தே குளிர்ந்திருப்பதால் குளிருக்கு உடுத்திக்கொண்டு போகத் தோன்றும், ஆனால் அந்த உடை கயாக்கில் உட்கார்ந்திருப்பதற்கு ஏற்றதாக இருக்குமே தவிர தண்ணீரில் விழுவதற்கு ஏற்றதாக இருக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் போர்ட் கிரெடிட், ஹாமில்டன் பக்கம் கோஹோ, சினூக் சால்மன் கரையோரம் வரும்போதும், நவம்பரில் குவின்டே வளைகுடாவில் பெரிய வால்ஐ மீன் திரளும்போதும் கயாக்கில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரி ஏரி, ஹூரான் ஏரி, நியூயார்க் கரை என்று எங்கே பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான். அடிக்கடி வரும் கேள்வியும் ஒன்றுதான்: ஆற்றில் நின்று பிடிக்க ஏற்கனவே வேடர்ஸ் (பாதத்திலிருந்து நெஞ்சுவரை மூடும், தண்ணீர் புகாத பேண்ட்) இருக்கிறது, மேலே ஒரு டிரை டாப் (கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக மூடும், தண்ணீர் புகாத மேலாடை) வாங்கிப் போட்டுக்கொண்டால் போதுமா?

சில நாட்களுக்குப் போதும், சில நாட்களுக்குப் போதாது. எந்த நாளுக்குப் போதும் என்று பிரித்துச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில்: எதற்காக உடுத்துகிறோம்

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உடல் விறைத்துத்தான் சாவு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். விறைப்பதற்கு நேரம் பிடிக்கும். அதற்கு வெகு முன்பே ஆளை முடித்துவிடுவது முதல் நிமிடத்தின் மூச்சு. திடீரென்று குளிர்நீர் தோலில் பட்டதும் நம்மையும் மீறி ஒரு பெரிய மூச்சை இழுப்போம், வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் அதோடு கதை முடிந்தது. தொடர்ந்து மூச்சு வேகமாக இரைக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகக் குளிர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார்: மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் 10 நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். நடுவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நீங்கள் கயாக்கில் மறுபடி ஏறியாக வேண்டும். அதற்கு மேல் விரல் மடங்காது, பக்கிளைக்கூடப் பிடிக்க முடியாது.

இன்னொன்று, இந்த அதிர்ச்சி உச்சத்துக்குப் போகப் பனிக்கட்டித் தண்ணீர் தேவையில்லை. 10 முதல் 15 டிகிரி வரை இருந்தாலே போதும். 12 டிகிரிதானே, கொஞ்சம் சில்லென்று இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே உடையிடம் நாம் கேட்பது இரண்டு: விழுந்த அந்த நொடியில் குளிர்நீர் நெஞ்சிலும் முதுகிலும் நேரடியாகப் படக் கூடாது, அப்புறம் திரும்ப ஏறும்போது உடை நம்மைக் கீழே இழுத்துப் பிடிக்கக் கூடாது. துணியின் பெயர், பாக்கெட் எண்ணிக்கை, நிறம் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

படி 1: தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

காற்றின் வெப்பநிலையைப் பார்த்து உடுத்தாதீர்கள். ஒன்டாரியோ உள்ளிட்ட பேரேரிகளின் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடத்தை அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா நாள்தோறும் இணையத்தில் போடுகிறது. ஏரியில் நிறுத்தியிருக்கும் மிதவைகள் அளந்த வெப்பநிலையும் கிடைக்கும். இரண்டையும் பாருங்கள். ஒரு சிறிய தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் துறையிலேயே இறக்கிப் பார்ப்பதும் நல்லது.

கோடையில்கூட இது தேவைப்படும். மேற்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் மேலே இருக்கும் சூடான தண்ணீர் நடு ஏரிப் பக்கம் தள்ளப்பட்டு, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வரும். நேற்று நீந்திய கரையில் இன்று கால் வைக்க முடியாது. ஜூலையில் டிரை டாப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வைத்திருக்கும் எல்லைக்கோடுகள் இவை. சட்டம் அல்ல, என் கணிப்பு. 15 டிகிரிக்கு மேல் என்றால் வேடர்ஸும், அலைத் தெறிப்பை மட்டும் தடுக்கும் சாதாரண ஸ்பிளாஷ் ஜாக்கெட்டும் போதும். 10 முதல் 15 வரை என்றால் வேடர்ஸோடு நல்ல டிரை டாப், கூடவே ஒரு துணை, கரை நீந்திப் போகும் தூரத்தில். 10க்குக் கீழே என்றால் ஒரே துண்டாக வரும் டிரை சூட், அல்லது மேலும் கீழும் இடுப்பில் சேர்த்துச் சுருட்டி மூடும் டிரை பேண்ட், டிரை டாப் ஜோடி. 10க்குக் கீழே வேடர்ஸை ஆழமான ஏரியில் போடவே மாட்டேன். இடுப்பளவு ஆழம் உள்ள ஓடை முகத்துவாரத்தில், காலை ஊன்றினால் நிற்கலாம் என்கிற இடத்தில் மட்டும் போடலாம்.

படி 2: டிரை சூட்டா, இரண்டு துண்டா

காசு இருந்தால் டிரை சூட் வாங்குங்கள், இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம், காலில் தைத்தே வரும் சாக்ஸ், நெஞ்சிலோ தோளிலோ தண்ணீர் புகாத ஒரு ஜிப். இடுப்பில் இணைப்பே கிடையாது, அதனால் கசிய அங்கே இடமும் கிடையாது.

ஆனால் நல்ல டிரை சூட் ஆயிரம் கனடிய டாலரில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டிப் போகும். கலிபோர்னியாவின் கோகடாட், ஐடஹோவின் என்.ஆர்.எஸ்., ஒட்டாவாவின் லெவல் சிக்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மஸ்டாங் சர்வைவல் எல்லாம் கயாக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். இரண்டு துண்டாக வாங்குவதில் லாபம் என்னவென்றால் செலவைப் பிரித்துக்கொள்ளலாம், மே கடைசியில் மேலே உள்ளதை மட்டும் கழற்றி வைக்கலாம், ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கவும் அதே வேடர்ஸ் ஆகும். நஷ்டம் இடுப்பில்தான், அதைப் படி 5இல் பார்ப்போம்.

பழைய டிரை சூட் விற்பனைக்கு வந்தால் ரப்பர் வளையத்தைப் பார்த்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். வளையம் மாற்றக்கூடியது. ஜிப்தான் விலை கூடிய பாகம், அதைப் பாருங்கள். முழுதாகத் திறந்து மூடி, மடித்து, பற்களுக்கு இடையில் விரிசலோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கழுத்தையும் கைகளையும் மூடிக் கட்டி, உள்ளே காற்று நிரப்பிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். சூட் தளர்ந்தால் எங்கோ ஓட்டை. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

படி 3: வேடர்ஸ்

வேடர்ஸ் உங்களை அடியில் இழுத்துப் போய் மூழ்கடித்துவிடும் என்பது பழைய பயம். லீ வுல்ஃப் என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தூண்டில்காரர் வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தே இதைப் பொய் என்று காட்டினார். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். வேடர்ஸில் 15 லிட்டர் புகுந்திருந்தால், கயாக்கில் ஏற உடம்பைத் தூக்கும் அந்த நொடியில் 15 கிலோவைக் கூடத் தூக்க வேண்டும், அதுவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள், விறைத்த கையால். நீந்தும்போதும் கால் நகராது. அதற்கும் மேல், குளிர்நீர் நேராகத் தொடையிலும் வயிற்றிலும் பட்டுவிட்டது. ஆற்றில் வழுக்கி விழுகிறவர் நாலு அடி நகர்ந்தால் எழுந்து நிற்கலாம். கயாக்கிலிருந்து விழுகிறவருக்குக் கீழே தரை இல்லை.

துணியில் மூன்று வகை. மலிவான பி.வி.சி. அல்லது நைலான் வேடர்ஸ் நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும், காற்றோட்டம் இல்லை, பெடல் மிதித்த அரை மணியில் உள்ளே வியர்வை, அப்புறம் அந்த வியர்வையே குளிர். நியோபிரீன் (நுரை ரப்பர்) வேடர்ஸ் 3.5 அல்லது 5 மில்லிமீட்டர் கனத்தில் வரும், வாத்து வேட்டைக்காரர்கள் விரும்புவது, உட்கார்ந்து காத்திருக்கச் சூடாக இருக்கும். உடம்போடு ஒட்டி நிற்பதால் தண்ணீர் புகுவதும் குறைவு. ஆனால் முழங்கால் மடக்குவது போராட்டம். கால் மிதப்பதால் தண்ணீரில் ஆளை மல்லாக்கப் போட்டுவிடும், கவிழ்ந்து ஏற முயலும்போது இது தொல்லை. மூன்றாவது, காற்றோட்டமுள்ள பல அடுக்குத் துணி. கயாக்குக்கு இதுதான் சரி. உள்ளே எவ்வளவு உடுத்துவது என்பதை நாளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம், மடங்கும், சீக்கிரம் காயும். நல்லது வேண்டுமென்றால் 300 டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். ஒரு தாழ்ந்த நாற்காலி கேளுங்கள். உள்ளே போடப்போகும் கம்பளி பேண்டை அணிந்தபடியே வேடர்ஸை மாட்டி, உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் மாறி மாறி நெஞ்சுவரை இழுங்கள். பின்பக்கத் தையல் இழுத்தால், தோள்பட்டை வார் கழுத்தில் வெட்டினால், பெரிய அளவு எடுங்கள். அதே நேரம் தொளதொளவென்று இருந்தால் உள்ளே காற்றும் தண்ணீரும் தங்க இடம் கூடும், ஆகவே நீளத்தில் தாராளம், சுற்றளவில் கொஞ்சம் இறுக்கம். கயாக்கில் தேய்வது முட்டியும் பின்புறமும். அங்கே இரட்டைத் துணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உட்காரும்போது அழுந்தும் எலும்பின் கீழேயே தையல் வந்தால் அந்த ஜோடி ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது.

பூட்ஸோடு சேர்ந்து வரும் பூட்ஃபுட் வகையைத் தவிருங்கள். கனம், பெடலில் மாட்டும், நீந்த முடியாது. நியோபிரீன் சாக்ஸோடு முடியும் ஸ்டாக்கிங்ஃபுட் வகைதான் வேண்டும், அதன்மேல் இலகுவான, கணுக்கால் உயர ஷூ. அடியில் ஆணி வைத்த வேடிங் பூட்ஸ் கயாக்கின் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடும். உள்ளே தடித்த கம்பளி சாக்ஸ் போட்ட பின் ஷூ இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

பெல்ட் இல்லாமல் வேடர்ஸ் கிடையாது. இரண்டு அங்குல அகலம், இழுத்தால் நீளும் பெல்ட், தொப்புளுக்கு மேலே, மூச்சு விட முடிகிற அளவுக்கு மட்டும் தளர்வு.

அப்புறம் பேசக் கூச்சப்படும் விஷயம். ஐந்து மணி நேரம் தண்ணீரில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு முன்பக்க ஜிப் ஒரு வசதி மட்டும் இல்லை. அது இல்லாதவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், உடலில் நீர் குறைந்தால் குளிர் சீக்கிரம் பிடிக்கும். தண்ணீர் புகாத ஜிப்பா என்று கேட்டு வாங்குங்கள். பெண்களுக்குப் பின்னால் திறக்கும் ஜிப் வைத்த டிரை பேண்ட், டிரை சூட் வருகின்றன.

படி 4: டிரை டாப்

கடையில் டிரை டாப், செமி டிரை டாப், ஸ்பிளாஷ் டாப் என்று மூன்று தொங்கும், பார்க்க ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு கழுத்திலும் மணிக்கட்டிலும். ஸ்பிளாஷ் டாப்பில் வெறும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. மழைக்கும் அலைத் தெறிப்புக்கும் சரி, விழுந்தால் கழுத்து வழியாக நிரம்பிவிடும். செமி டிரை டாப்பில் மணிக்கட்டில் லேடெக்ஸ் ரப்பர், கழுத்தில் நியோபிரீன். டிரை டாப்பில் இரண்டு இடத்திலும் லேடெக்ஸ்.

கழுத்தில் லேடெக்ஸ் இறுக்கமாக இருக்கும், முதல் நாள் மூச்சு முட்டுகிற மாதிரித் தோன்றும், தாடி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கசியும். நியோபிரீன் கழுத்து நாள் முழுக்கப் போட்டிருக்கலாம், விழுந்தால் ஒரு கைப்பிடித் தண்ணீர் உள்ளே வரும். தூண்டில் போடுகிறவர் நாளெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர், பாய்ந்தோடும் ஆற்றில் கயாக்கோடு உருண்டு நிமிர்கிறவர் அல்ல. 10 டிகிரிக்கு மேல் செமி டிரை போதும் என்பேன், படி 1இல் நல்ல டிரை டாப் என்றதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மணிக்கட்டில் சமரசம் கூடாது. மீனை விடும்போதும் வலையை அலசும்போதும் கை அடிக்கடி தண்ணீருக்குள் போகிறது. வெறும் வெல்க்ரோ கையாக இருந்தால் கவிழாமலேயே முழங்கைவரை நனைவீர்கள்.

புதிய லேடெக்ஸ் வளையம் இறுக்கினால் கத்தரிக்கோலை உடனே எடுக்காதீர்கள். கழுத்து வளையத்தைச் சொம்பு, சமையல் பாத்திரம் என்று சரியான சுற்றளவுள்ள ஏதாவதொன்றின்மேல் இழுத்து மாட்டி இரவு முழுக்க வையுங்கள். அதற்குப் பிறகும் தலை கனத்தால், மயக்கமாக இருந்தால், அப்போது வெட்டலாம். வளையத்தில் வட்ட வட்டமாக வரிகள் ஓடும். ஒரே ஒரு வரியை மட்டும், கூரான கத்தரிக்கோலால், கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக வெட்டி, மறுபடி போட்டுப் பாருங்கள். விளிம்பில் நூலளவு பிசிறு விழுந்தாலும் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும், தலையை நுழைக்கும்போது சர்ரென்று போய்விடும். போடும்போதும் விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. எட்டு விரலையும் உள்ளே விட்டு அகட்டி, தலையைக் குனிந்து நுழையுங்கள். மோதிரம், காதணி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

அளவு பார்க்கும்போது உட்கார்ந்து, தூண்டில் வீசுகிற மாதிரிக் கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசுங்கள். அக்குளில் இழுத்து இடுப்பு மேலேறினால் சின்னது. கையை உயர்த்தினாலும் டாப்பின் கீழ் விளிம்பு வேடர்ஸ் பெல்ட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

படி 5: இடுப்பு

இரண்டு துண்டு உடையின் வெற்றி தோல்வி இங்கேதான். கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

டிரை டாப்பின் இடுப்பில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு இருக்கும். இது உள்ளே உட்காரும் வகைக் கயாக்கில் ஸ்பிரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் துணி) நடுவே சொருகி மூடுவதற்காகச் செய்தது. நாம் ஓட்டுவதோ மேலே உட்காரும் கயாக், ஸ்கர்ட் இல்லை. அந்த இரண்டு அடுக்கை வேறு மாதிரிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நன்றாக வேலை செய்வது, இடுப்பில் அதே மாதிரி ஒரு கூடுதல் மடிப்பு வைத்த டிரை பேண்ட் அல்லது பிப் (நெஞ்சுவரை ஏறும், தோள்வார் வைத்த பேண்ட்). கோகடாட்டின் வேர்ல்பூல் பிப் இந்த வகை. டாப்பின் உள் அடுக்கையும் பேண்டின் மடிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, சுருக்கமில்லாமல் தட்டி, இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கிச் சுருட்டி, வெளி அடுக்கை அதன்மேல் இழுத்து வெல்க்ரோவை இறுக்க வேண்டும். சுருட்டும்போது முதுகுப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் துணி மடிந்து ஒரு குழாய் மாதிரி வழிவிடும். துணைக்கு ஆள் இருந்தால் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள், தனியாக இருந்தால் கையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் டாப்பும் பேண்டுமாக வாங்கினால் இது எளிது. வேறு வேறு என்றால் கடைக்கு இரண்டையும் கொண்டுபோய்ச் சுருட்டிப் பாருங்கள்.

சாதாரண நெஞ்சு உயர வேடர்ஸில் சுருட்ட எதுவும் இல்லை. இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் வேடர்ஸ், வார்களைத் தோளில் மாட்டுங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். மேலே டிரை டாப், அதன் உள் அடுக்கை வேடர்ஸின்மேல் தட்டையாகப் படியவிட்டு வெளி அடுக்கை இறுக்குங்கள். அதற்கும் வெளியே இன்னொரு பெல்ட். கடைசியாக லைஃப் ஜாக்கெட், பக்கவாட்டு வார்களை நன்றாக இழுத்து. இப்படிப் போட்டால் தண்ணீர் டாப்பின் அடியில் நுழைந்து, நெஞ்சுவரை மேலேறி, வேடர்ஸின் விளிம்பைத் தாண்டி மறுபடி கீழே இறங்க வேண்டும். சில நிமிடத்துக்குக் கொஞ்சமாகத்தான் வரும். தலைகீழாக விழுந்தாலோ அலையில் நீண்ட நேரம் கிடந்தாலோ நிறையவே வரும். ஆகவே இது நேரம் வாங்கித்தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். இதை டிரை சூட் என்று நினைத்துக்கொண்டு கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டாப்பை வேடர்ஸுக்குள் சொருகிவிடாதீர்கள். மழை கோட்டைப் பேண்டுக்குள் விடுகிற மாதிரி, வழிகிற தண்ணீரெல்லாம் நேரே காலுக்குள் இறங்கும்.

படி 6: உள்ளே என்ன

வேடர்ஸும் டிரை டாப்பும் தண்ணீரைத் தடுக்கும், சூடு தராது. சூடு உள்ளே போடுவதில் இருக்கிறது. நம்மில் பலருக்குப் பருத்தி பனியன் இல்லாமல் சட்டை போடவே வராது. இந்த ஒரு இடத்தில் விட்டுவிடுங்கள், பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரும். ஜீன்ஸும் கூடாது. மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் ஒன்று, அதன்மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைக் கம்பளித் துணி). 5 டிகிரித் தண்ணீரென்றால் தடித்த ஃபிளீஸ், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த வகை நல்லது. தனித்தனியாக இருந்தால் குனியும்போது முதுகு திறந்துகொள்ளும்.

எவ்வளவு போடுவது? துறையில் நிற்கும்போது கொஞ்சம் வேர்க்கிற மாதிரி இருந்தால் சரியான அளவு. சூடு தாங்கவில்லை என்றால் தொப்பியைக் கழற்றுங்கள், கையை ஏரியில் நனையுங்கள், ஃபிளீஸைக் கழற்றாதீர்கள்.

கைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் நியோபிரீன் கையுறை. முடிச்சுப் போடும்போது கழற்றத்தான் வேண்டும், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடியைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். தலைக்குக் கம்பளித் தொப்பி.

படி 7: லைஃப் ஜாக்கெட்

கனடாவில் கயாக்கில் இது இருந்தாலே சட்டம் திருப்திப்படும், அணிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகில் அணிந்தே இருக்க வேண்டும். பென்சில்வேனியாவிலும் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்குக்கு அதே விதி. அவர்களுடையது புத்திசாலித்தனமான சட்டம். முதல் நிமிடத்தில் மூச்சிரைக்கும்போது முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைப்பது உங்கள் நீச்சல் திறமை அல்ல, இந்த ஜாக்கெட்தான்.

இருக்கையின் முதுகில் இடிக்காத, பின்னால் நுரை உயர்ந்து நிற்கும் கயாக் மீன்பிடி வகையை வாங்குங்கள். ஃபிளீஸ், வேடர்ஸ், டாப் எல்லாவற்றையும் போட்ட பிறகு அளவு பாருங்கள். விசில் அதில் கட்டியிருக்க வேண்டும். படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருந்தால் அதுவும் உடம்பில்தான், கயாக்கின் பெட்டியில் அல்ல. அவசர அழைப்பு 16ஆம் சேனல். கனடாவில் அதை இயக்க ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், வாங்கிவிடுங்கள்.

படி 8: விழுந்து பாருங்கள்

வாங்கியதை வாங்கிய வாரமே சோதிக்க வேண்டும். காற்றில்லாத நாள், மணல் கரை, நெஞ்சளவு ஆழம், கரையில் ஒரு நண்பர், காரில் மாற்று உடை.

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மெல்ல இறங்குங்கள். இடுப்பளவு வந்ததும் கழுத்து வளையத்துக்குள் ஒரு விரலை விட்டு, கைகளை மார்பில் கட்டி, முழங்காலைக் கட்டிக்கொள்கிற மாதிரிக் குந்துங்கள். தண்ணீர் காலை அமுக்க, உள்ளே இருந்த காற்றெல்லாம் விரலோரமாக உஸ்ஸென்று வெளியேறும், துணி தொடையோடு ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டு எழுந்திருங்கள். ஒவ்வொரு முறை கயாக்கில் ஏறும் முன்பும் இதைச் செய்யுங்கள். காலில் காற்று நின்றால் விழும்போது பாதம் மேலே மிதக்கும், நீந்துவதும் திரும்ப ஏறுவதும் சிரமமாகிவிடும்.

அப்புறம் மல்லாக்க மிதந்து பாருங்கள், நீந்துங்கள், தலையை ஒருமுறை முழுதாக அமிழ்த்துங்கள். கடைசியில் கயாக்கைக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறுங்கள். நடுப்பகுதியில் இரண்டு கையையும் வைத்து, காலை மேற்பரப்புக்கு உதைத்துக் கொண்டுவந்து, வயிற்றால் குறுக்கே சறுக்கி, புரண்டு உட்கார வேண்டும். ஜாக்கெட் பாக்கெட்டில் துருத்தும் இடுக்கியும் பெட்டியும் விளிம்பில் சிக்குவது இப்போதுதான் தெரியவரும்.

கரைக்கு வந்து கழற்றி, எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள். கழுத்தோரமும் மணிக்கட்டோரமும் ஈரம் என்றால் பரவாயில்லை. இடுப்பைச் சுற்றி ஃபிளீஸ் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தால் படி 5ஐ மறுபடி செய்யுங்கள். சாக்ஸில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த ஜோடி 10 டிகிரித் தண்ணீருக்கு லாயக்கில்லை.

படி 9: பராமரிப்பு

லேடெக்ஸுக்கு எதிரி வெயில், எண்ணெய், சன்ஸ்கிரீன், கொசு மருந்து. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டு, 303 என்ற பாதுகாப்புத் திரவத்தை வளையத்தில் தடவுங்கள். போடும் முன் வாசனையில்லாத டால்கம் பவுடர். உலோக ஜிப்புக்கு மெழுகு, பிளாஸ்டிக் ஜிப்புக்கு அதோடு வரும் கிரீஸ், ஜிப் முடியும் முனையில் மறக்காமல். வைக்கும்போது ஜிப்பை மடிக்காதீர்கள், அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

வேடர்ஸில் பெரும்பாலான ஓட்டை தூண்டில் முள் குத்தி வருவது. மும்முனைத் தூண்டிலை மடியில் வைத்து மாற்றுகிறவர்களுக்கு இது நிச்சயம். காற்றோட்டமுள்ள துணியென்றால் வேடர்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ரப்பிங் ஆல்கஹாலைத் தெளியுங்கள், ஓட்டை இருக்கும் இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டமிட்டு, காய்ந்த பின் அக்வாசீல் பசை ஒரு சொட்டு வைத்து விரலால் மெல்லப் பரப்பி, இரவு முழுக்க விடுங்கள். வெயிலில் உடனே இறுகும் வகையும் கிடைக்கிறது, அதை ஒரு சின்ன டியூப் பையில் வைத்திருந்தால் துறையிலேயே ஒட்டிவிடலாம்.

மணிக்கட்டு வளையம் துறையில் கிழிந்தால் டேப்பைச் சுற்றிக்கொண்டு இறங்காதீர்கள். அன்று கரையிலிருந்தே வீசுங்கள்.